பேசினால் வேலை போகும், ஆடாவிட்டால் முகம் சுளிப்பார்: ஹென்றி ஃபோர்டின் ஸ்கொயர் டான்ஸ் கதை

ஹென்றி ஃபோர்டு என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? கார். அசெம்ப்ளி லைன். எம்பிஏ வகுப்பில் தவறாமல் வரும் மாஸ் புரொடக்‌ஷன் பாடம். சென்னைக்காரர்களுக்குக் கூடுதலாக மறைமலை நகர் ஆலை.

ஆனால், 1920-களின் நடுவில் அமெரிக்கப் பத்திரிகைகளில் அவர் பெயர் வேறொரு விஷயத்துக்காகவும் அடிபட்டது. டான்ஸ்! உலகின் பெரும் பணக்காரர்களில் ஒருவர், 60 வயதைத் தாண்டிய பிறகு, ஒரு டான்ஸ் மாஸ்டரைச் சம்பளத்துக்கு அமர்த்தினார். தன் கம்பெனி மேலதிகாரிகளை மாலை நேரத்தில் ஆடவைத்தார். டான்ஸ் கற்றுக்கொடுக்கப் புத்தகம் போட்டார், ரேடியோவில் பாடம் நடத்தவைத்தார், பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோனார். கடைசியில் டான்ஸ் ஆடுவதற்கென்றே ஒரு ஹால் கட்டினார்.

ஏன் இவ்வளவு மெனக்கெட்டார்? இதற்குப் பின்னால் ஓர் அழகான காதல் கதை இருக்கிறது. அசிங்கமான ஒரு வெறுப்பும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழுக் கதையும் புரியும்.

முதல்ல, ஸ்கொயர் டான்ஸ்னா என்ன?

பெயரிலேயே இருக்கிறது. ஒரு சதுரம். அதன் நான்கு பக்கங்களிலும் பக்கத்துக்கு ஒரு ஜோடி, உள்ளே பார்த்தபடி நிற்பார்கள். மொத்தம் 8 பேர். பிடில் வாசிக்க ஆரம்பித்ததும், ஓரத்தில் நிற்கும் ஒருவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தாளத்தோடு கூவிச் சொல்லிக்கொண்டே இருப்பார். உங்கள் ஜோடியோடு சுழலுங்கள், எதிரே நிற்கும் ஜோடியோடு இடம் மாறுங்கள், எல்லாரும் கைகோத்து வட்டமாக வாருங்கள் என்று கட்டளைகள் வந்துகொண்டே இருக்கும். அப்படிக் கூவுபவருக்குப் பெயர் ‘காலர்’. சட்டைக் காலர் இல்லை, அழைப்பவர் என்ற அர்த்தத்தில் வரும் காலர்.

கற்றுக்கொள்ள வேண்டிய ஸ்டெப் ரொம்ப இல்லை. தாளத்துக்கு நடக்கத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. கஷ்டம் எங்கே என்றால், அடுத்த கட்டளை என்னவென்று ஆடுபவர்களுக்குத் தெரியாது. காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மனசு வேறெங்காவது போனால் மாட்டினோம். ஒருவர் தப்பாகத் திரும்பினால் போதும், 8 பேரும் முட்டிக்கொண்டு நிற்பார்கள். சிரித்துவிட்டு, பழையபடி சதுரமாக நின்று மறுபடி ஆரம்பிப்பார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. பாட்டு முடிவதற்குள் சதுரத்தில் இருக்கும் ஒவ்வொருவரின் கையையும் நீங்கள் ஒருமுறையாவது பிடித்திருப்பீர்கள். கூச்ச சுபாவம் உள்ளவர் யாரிடமும் போய்ப் பேச்சைத் தொடங்க வேண்டியதில்லை. அந்த வேலையைக் காலரே பார்த்துக்கொள்வார். மேடை தேவையில்லை, பார்வையாளர்களும் தேவையில்லை. அடுத்தவருக்கு ஆடிக் காட்டுகிற டான்ஸ் இல்லை இது. வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து ஆடுகிற டான்ஸ்.

பிரான்ஸின் கோட்டிலியன், குவாட்ரில் நடனங்களும், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாட்டுப்புற நடனங்களும் கடல் தாண்டி அமெரிக்கா வந்து கலந்து உருவானது இது. 19-ம் நூற்றாண்டில் அமெரிக்கக் கிராமங்களில் சனிக்கிழமை ராத்திரி என்றால் பல இடங்களில் இதுதான் பொழுதுபோக்கு. தூரத் தூரப் பண்ணைகளில் வாரம் முழுக்கத் தனியாக உழைப்பவர்கள் மனுஷ முகம் பார்க்கவும், பெண் பார்க்கவும், ஊர்க்கதை பேசவும் கூடுகிற இடம். அப்படி ஒரு கூட்டத்தில்தான் நம் கதாநாயகனும் விழுந்தார்.

டான்ஸில் கிடைத்த மனைவி

1863 ஜூலை 30. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டியர்பார்னுக்கு அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் ஹென்றி ஃபோர்டு பிறந்தார். அப்பா வில்லியம், அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர். ஹென்றிக்கு 12 வயது இருக்கும்போது அம்மா மேரி இறந்துபோனார்.

பையனுக்கு விவசாயம் சுத்தமாகப் பிடிக்கவில்லை. கடிகாரத்தைக் கழற்றி மாட்டுவதுதான் பிடிக்கும். 16 வயதில் டெட்ராய்ட் நகரத்துக்குப் போய் மெஷின் ஷாப்பில் வேலை கற்றுக்கொண்டார். சில வருடங்களில் ஊர் திரும்பினார். அப்போதுதான், 1885 புத்தாண்டையொட்டி உள்ளூரில் நடந்த ஒரு டான்ஸ் நிகழ்ச்சியில் கிளாரா பிரையன்ட் என்ற பெண்ணைச் சந்தித்தார். அவருக்கு 21 வயது, கிளாராவுக்கு 18.

இரண்டு விதமான நேரத்தைக் காட்டும், தானே மாற்றியமைத்த கடிகாரத்தைக் காட்டி அந்தப் பெண்ணை அசத்தப் பார்த்தார் என்று சொல்வார்கள். பையன் பேசுகிற விதம் கிளாராவுக்குப் பிடித்துப்போனது. அடுத்த இரண்டு மூன்று வருடங்கள் இருவரும் பல டான்ஸ் கூட்டங்களுக்குச் சேர்ந்து போனார்கள். 1888 ஏப்ரல் 11, கிளாராவின் பிறந்தநாளன்று கல்யாணம். அந்தத் திருமணம் ஃபோர்டு சாகும்வரை, கிட்டத்தட்ட 59 ஆண்டுகள் நீடித்தது.

ஆக, ஸ்கொயர் டான்ஸ் ஃபோர்டுக்கு வெறும் டான்ஸ் இல்லை. அவருடைய இளமை அது.

டான்ஸ் ஆடிய ஊரைக் காலி செய்த கார்

அடுத்து நடந்தது உலகத்துக்கே தெரியும். 1896-ல் தன் முதல் வண்டியை ஓட்டிப் பார்த்தார். 1903-ல் ஃபோர்டு மோட்டார் கம்பெனி. 1908-ல் ‘மாடல் டி’ கார். 1913-ல் ஹைலேண்ட் பார்க் ஆலையில் நகரும் அசெம்ப்ளி லைன். ஒரு சேஸிஸைப் பூட்டி முடிக்க 12 மணி நேரத்துக்கும் மேல் பிடித்த வேலை, சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. ஆரம்பத்தில் 850 டாலர் விலை சொன்ன கார், 1920-களின் நடுவில் 260 டாலர்வரை இறங்கியது. 1927-ல் உற்பத்தியை நிறுத்தும்போது, மொத்தம் ஒன்றரைக் கோடி ‘மாடல் டி’ கார்கள் வெளியே வந்திருந்தன.

ஆனால், இதற்கு ஒரு விலை இருந்தது. லைனில் ஒரே இடத்தில் நின்றுகொண்டு, நாள் முழுக்க ஒரே போல்ட்டை முடுக்க வேண்டும். பொறுக்க முடியாமல் ஆட்கள் ஓடினார்கள். 1913-ல் ஒரு வேலையிடத்தை நிரப்பி வைக்க, வருடத்துக்கு மூன்று நான்கு பேரை மாற்றி மாற்றி எடுக்க வேண்டியிருந்தது. அதைச் சமாளிக்கத்தான் 1914 ஜனவரியில் புகழ்பெற்ற ‘ஒரு நாளைக்கு 5 டாலர்’ திட்டம் வந்தது. ஏறக்குறைய இரட்டிப்புச் சம்பளம்.

இதில் ஒரு நிபந்தனையும் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பணம் முழுதாக வேண்டும் என்றால், தொழிலாளி ‘ஒழுங்காக’ வாழ வேண்டும். குடிக்கிறாரா, வீடு சுத்தமாக இருக்கிறதா, பணத்தைச் சேமிக்கிறாரா என்று பார்க்கக் கம்பெனி ஆட்கள் வீட்டுக்கே வந்தார்கள். இதற்கென்று தனி டிபார்ட்மென்ட்டே இருந்தது. தன்னிடம் வேலை செய்பவர்களின் ஓய்வு நேரமும் தன் பொறுப்பு என்ற எண்ணம் ஃபோர்டுக்கு அப்போதே இருந்தது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பக்கம், அவர் விற்ற காரிலேயே ஏறி கிராமத்து இளைஞர்கள் டவுனுக்குக் கிளம்பினார்கள். சினிமா, ஜாஸ் இசை, சார்ல்ஸ்டன் டான்ஸ் என்று புது உலகம் திறந்தது. 1920 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், அமெரிக்க வரலாற்றிலேயே முதன்முறையாகக் கிராமவாசிகளைவிட நகரவாசிகள் அதிகமாக இருந்தார்கள். கொட்டகையில் பிடில் வாசித்து 8 பேராக ஆடும் பழக்கம் மெல்ல மெல்ல வயசானவர்களின் ஞாபகமாக மாறியது.

ஃபோர்டுக்கு இது தாங்கவில்லை. பிள்ளையையும் கிள்ளிவிட்டு, தொட்டிலையும் ஆட்டிய கதைதான். கிராமத்தைக் காலி செய்த கையோடு, அந்தக் கிராமத்தைத் திரும்ப விலைக்கு வாங்கக் கிளம்பினார்.

60 வயதில் டான்ஸ் கிளாஸ்

‘வாங்க’ என்பதை அப்படியே நேரடி அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளலாம். 1923-ல் மாசசூசெட்ஸில் ‘வேசைட் இன்’ என்ற பழங்காலச் சத்திரத்தை வாங்கினார். அடுத்த ஆண்டு, காதலிக்கும் காலத்தில் கிளாராவோடு போய்வந்த மிச்சிகன் சத்திரம் ஒன்றையும் வாங்கினார். பிற்பாடு எடிசனின் ஆய்வுக்கூடம், ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடை போன்றவற்றை எல்லாம் பெயர்த்துக் கொண்டுவந்து, டியர்பார்னில் ‘கிரீன்ஃபீல்ட் வில்லேஜ்’ என்று ஒரு பழைய ஊரையே உருவாக்கினார். 1929-ல் அது முறைப்படி அர்ப்பணிக்கப்பட்டது.

கட்டடம் வாங்கலாம். அதற்குள் இருந்த கலகலப்பை எப்படி வாங்குவது? மாசசூசெட்ஸில் பென்ஜமின் லோவெட் என்ற டான்ஸ் மாஸ்டரைப் பிடித்தார் ஃபோர்டு. பழைய நடனங்கள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. 1920-களின் நடுவில் அவரையும் அவர் மனைவியையும் டியர்பார்னுக்கு வரவழைத்தார். வந்த லோவெட், சுமார் 20 ஆண்டுகள் ஃபோர்டிடமே இருந்தார்.

கம்பெனியின் இன்ஜினீயரிங் ஆய்வுக்கூடத்திலேயே டான்ஸுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. பிடில், டல்சிமர், சிம்பலம், சூசஃபோன் கொண்ட ஒரு சின்ன இசைக்குழு சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டது. ஸ்கொயர் டான்ஸ் மட்டுமில்லை. குவாட்ரில், வால்ட்ஸ், போல்கா, இரண்டு வரிசையாக நின்று ஆடும் வர்ஜீனியா ரீல் என்று தன் இளமைக்கால நடனங்கள் எல்லாவற்றையும் ஃபோர்டு தேடிப் பிடித்தார். 1926-ல் ஃபோர்டு தம்பதி பெயரில் ‘குட் மார்னிங்’ என்ற நடனக் கையேடு வெளியானது. 25 ஆண்டு தூங்கிக் கிடந்த பழைய நடனம் மறுபடி கண் விழிக்கிறது என்பதுதான் தலைப்பின் பொருள்.

மறுக்க முடியாத அழைப்பிதழ்

இன்றைக்கு ஆபீஸில் டீம் அவுட்டிங் என்றால் மெயில் வரும். வருவதும் வராததும் உங்கள் விருப்பம் என்று எழுதியிருக்கும். ஆனால், உண்மையிலேயே விருப்பம்தானா என்று எல்லாருக்கும் தெரியும், இல்லையா? ஃபோர்டின் டான்ஸ் மாலைகளும் அப்படித்தான். முதலாளியிடமிருந்து அழைப்பு வந்தால், மேலதிகாரிகள் மனைவியோடு வந்து நிற்க வேண்டும். இஷ்டம் இருக்கிறதோ இல்லையோ, லோவெட்டிடம் ஸ்டெப் கற்றுக்கொண்டாக வேண்டும்.

விதிமுறைகளும் கறார். வால்ட்ஸ் மாதிரி ஜோடியாக ஆடும் நடனங்களில், ஆணின் வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும்தான் பெண்ணின் இடுப்பைத் தொட வேண்டும், அதுவும் பென்சில் பிடிக்கிற மாதிரி என்று கையேடு சொன்னது. கட்டிப்பிடித்து ஆடுவது அநாகரிகம். எப்படி அழைப்பது, எப்படி வணங்குவது, எப்படி நன்றி சொல்வது என எல்லாவற்றுக்கும் முறை இருந்தது.

இதே நேரத்தில் ஃபோர்டின் ஆர்வம் நாட்டையும் தொற்றிக்கொண்டது. 1925 டிசம்பரில், மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த மெல்லி டன்ஹாம் என்ற 72 வயது பிடில்காரரை ஃபோர்டு டியர்பார்னுக்கு அழைத்தார். பனியில் நடப்பதற்கான காலணிகள் செய்வது அவர் தொழில். வடதுருவப் பயணி ராபர்ட் பியரியின் குழுவுக்கே செய்து கொடுத்தவர். ஊரே திரண்டு வழியனுப்பியது. பத்திரிகைகள் தொடர்ந்து எழுதின. தாத்தா ஒரே மாதத்தில் நாடறிந்த ஸ்டார் ஆகி, பெரிய நகர மேடைகளில் வாசிக்கக் கிளம்பிவிட்டார். அடுத்த ஆண்டு பல ஊர்களில் ஃபோர்டு கார் டீலர்கள் பிடில் போட்டி நடத்தினார்கள். லோவெட்டின் பாடங்கள் ரேடியோவில் ஒலித்தன. டியர்பார்ன் பள்ளிகளில் தொடங்கி, வேறு பல பள்ளி, கல்லூரிகளுக்கும் இந்த நடனம் போனது.

இதுவரை கேட்டால், பணக்காரத் தாத்தாவின் இனிமையான பொழுதுபோக்கு மாதிரிதான் இருக்கிறது. ஆனால்...

வெறுப்பு எங்கே வந்தது?

ஃபோர்டு 1918-ல் ‘டியர்பார்ன் இண்டிபெண்டன்ட்’ என்ற வாரப் பத்திரிகையை வாங்கியிருந்தார். 1920 மே மாதம் முதல் அதில் யூதர்களுக்கு எதிரான தொடர் வெளியானது. 91 வாரங்கள் இடைவிடாமல் வந்தது. உலகத்தின் எல்லாப் பிரச்சினைகளுக்கும் யூதச் சதிதான் காரணம் என்பது அதன் சாரம். ஃபோர்டு கார் டீலர்கள் வழியாகவும் இந்தப் பத்திரிகை மக்கள் கைக்குப் போனது. பிறகு கட்டுரைகள் நான்கு தொகுதிகளாகப் புத்தகமாகவும் வந்தன. ஜெர்மன் மொழிக்கும் போயின.

அந்தக் கட்டுரைகளின் இலக்குகளில் ஒன்று ஜாஸ். அமெரிக்க இளைஞர்களைக் கெடுக்க யூதர்கள் பரப்பும் இசை என்று பத்திரிகை எழுதியது. இது இரட்டைப் பொய். முதலில், சதி எதுவும் இல்லை. இரண்டாவது, ஜாஸை உருவாக்கியவர்கள் நியூ ஆர்லியன்ஸின் கறுப்பினக் கலைஞர்கள். அவர்களுக்குச் சேர வேண்டிய பெருமையையும் சேர்த்தே அழித்த பொய் அது.

இப்போது ஃபோர்டின் பழைய டான்ஸ் ஆர்வத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் மனதில் அது வெறும் ஏக்கம் மட்டுமில்லை, ஒரு மருந்து. ஜாஸும் புது டான்ஸும் ‘கெடுத்த’ அமெரிக்காவை, தன் சிறுவயதில் பார்த்த வெள்ளைக்காரக் கிராமத்து அமெரிக்காவாக மாற்றும் மருந்து. காதலும் இருந்தது, வெறுப்பும் இருந்தது. ஒன்று இருந்ததால் இன்னொன்று இல்லை என்று சொல்ல முடியாது.

1927-ல் ஆரன் சபைரோ என்ற வழக்கறிஞர் தொடுத்த அவதூறு வழக்கில் சிக்கிய ஃபோர்டு, பகிரங்க மன்னிப்பு வெளியிட்டார். தன் பத்திரிகையில் என்ன வந்தது என்றே தனக்குத் தெரியாது என்கிற பாணியில் அமைந்த மன்னிப்பு அது. அந்த ஆண்டு இறுதியில் பத்திரிகை மூடப்பட்டது. ஆனால், விதைத்தது முளைத்துவிட்டது. ஹிட்லர் தன் நூலில் ஃபோர்டைக் குறிப்பிட்டிருந்தார். 1938-ல், 75-வது பிறந்தநாளன்று, நாஜி ஜெர்மனி கொடுத்த உயரிய பதக்கத்தை ஃபோர்டு வாங்கிக்கொண்டார்.

அவர் மறந்த, அல்லது மறைத்த வரலாறு

இதில் பெரிய முரண் ஒன்று உண்டு. ஃபோர்டு ‘தூய்மையான’ வெள்ளைக்கார மரபு என்று நினைத்துக் கொண்டாடிய அதே நடனத்தில், கறுப்பின மக்களின் கை ஆழமாகப் பதிந்திருக்கிறது.

அடிமை முறை இருந்த காலத்தில், பண்ணை முதலாளிகளின் விருந்துகளில் பிடில் வாசித்தவர்களில் மிகப் பலர் கறுப்பினத்தவர். வாசித்துக்கொண்டே, ஆடுபவர்களுக்கு அடுத்த அசைவைக் கூவிச் சொல்லும் பழக்கத்தை வளர்த்தவர்களும் அவர்கள்தான் என்று நடன வரலாற்று ஆய்வாளர் ஃபில் ஜேமிசன் போன்றவர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் டான்ஸ் மாஸ்டரிடம் காசு கொடுத்து முன்கூட்டியே கற்றுக்கொண்டு ஆட வேண்டும். அமெரிக்காவில் காலர் இருந்ததால், எதுவும் தெரியாதவரும் நேராகச் சதுரத்தில் வந்து நிற்க முடிந்தது. பாட்டும் தாளமும் கலந்து கூவும் அந்தப் பாணியில் ஆப்பிரிக்க மரபின் கேள்வி-பதில் பாடலின் சாயல் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். இந்த டான்ஸை எல்லாருக்குமானதாக ஆக்கியது காலர். அந்தக் காலர் மரபை வளர்த்தவர்களுக்கு, ஃபோர்டு மனதில் வைத்திருந்த பழைய அமெரிக்காவில் இடமே இல்லை.

பகலில் மௌனம், மாலையில் இசை

ஃபோர்டு ஆலைக்குள் அப்போது என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ரூஜ் நதியோரம் கட்டிய பிரம்மாண்ட ஆலையில், வேலை நேரத்தில் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. கண்காணிப்பதற்கு ஹாரி பென்னட் என்பவரின் தலைமையில் ஒரு படையே இருந்தது. தொழிலாளர்கள் உதட்டை அசைக்காமல் பேசக் கற்றுக்கொண்டார்கள். அதற்கு ‘ஃபோர்டு கிசுகிசு’ என்று பெயரே வந்துவிட்டது.

1932 மார்ச் 7. பொருளாதார வீழ்ச்சியில் வேலை இழந்தவர்கள் ரூஜ் ஆலையை நோக்கி ஊர்வலமாகப் போனார்கள். போலீஸும் கம்பெனிக் காவலர்களும் சுட்டார்கள். நான்கு பேர் குண்டடிபட்டுச் செத்தார்கள். காயமடைந்த இன்னொருவர் பின்னர் இறந்தார்.

1937 மே 26. அதே ஆலையின் நடைமேம்பாலத்தில் நோட்டீஸ் கொடுக்க வந்த வால்ட்டர் ராய்தர் உள்ளிட்ட தொழிற்சங்கத் தலைவர்களைப் பென்னட்டின் ஆட்கள் அடித்து நொறுக்கினார்கள். செய்திப் படங்கள் நாடு முழுக்கப் பரவின. கிரீன்ஃபீல்ட் வில்லேஜில் டான்ஸ் மாஸ்டரின் பெயரில் ‘லோவெட் ஹால்’ எழும்பியதும் அதே 1937-ல்தான்.

கைகோத்து ஆடுவதன் அருமை ஃபோர்டுக்குத் தெரியும். சக மனிதனோடு சேர்ந்து நிற்பதால் கிடைக்கும் சந்தோஷத்துக்காகத்தான் அவ்வளவு செலவு செய்தார். ஆனால், தன் தொழிலாளர்கள் தாங்களாகக் கைகோத்தபோது அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. யார் எங்கே எப்படிச் சேர வேண்டும் என்பதைத் தானே கூவிச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். கடைசியில் 1941-ல்தான் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டார். விடாப்பிடியாக இருந்தால் வீட்டை விட்டே போய்விடுவேன் என்று கிளாரா மிரட்டியதும் ஒரு காரணம் என்பார்கள்.

1943-ல் ஒரே மகன் எட்சல் புற்றுநோயால் இறந்தார். அதற்குப் பிறகு ஃபோர்டு தேறவே இல்லை. 1947 ஏப்ரல் 7 இரவு, ரூஜ் நதியின் வெள்ளத்தால் அவருடைய மாளிகையில் மின்சாரம் போயிருந்தது. மண்ணெண்ணெய் விளக்கு, மெழுகுவத்தி வெளிச்சத்தில், கிளாரா பக்கத்தில் இருக்க, 83 வயதில் அவர் உயிர் பிரிந்தது.

சரி, டான்ஸ் என்ன ஆச்சு?

இங்கேதான் கதை திரும்புகிறது. ஃபோர்டு நினைத்த வழியில் டான்ஸ் போகவில்லை.

கொலராடோவில் லாயிட் ஷா என்ற பள்ளிக்கூட நிர்வாகி, மேற்குப் பகுதி கௌபாய்கள் ஆடிய சதுர நடனங்களைத் தேடித் தொகுத்தார். 1939-ல் ‘கௌபாய் டான்சஸ்’ என்ற புத்தகம் எழுதினார். தன் பள்ளி மாணவர்களை ஊர் ஊராக அழைத்துப்போய் ஆடிக் காட்டினார். கோடை விடுமுறையில் ஆசிரியர்களுக்கும் காலர்களுக்கும் வகுப்பு எடுத்தார். ஃபோர்டின் பென்சில் பிடி இங்கே இல்லை. துள்ளலும் வேகமும் இருந்தன.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் டான்ஸ் பற்றிக்கொண்டது. போரிலிருந்து திரும்பியவர்கள், புதிதாக முளைத்த புறநகர்களில் யாரையும் தெரியாமல் குடியேறியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு பழக ஒரு சாக்கு தேவைப்பட்டது. மைக் செட்டும் இசைத்தட்டும் வந்துவிட்டதால், இசைக்குழு இல்லாமலே ஒரு காலர் பெரிய ஹாலையே ஆட்டிவைக்க முடிந்தது. 1951-ல் கனடாவுக்குப் போன பிரிட்டிஷ் இளவரசி எலிசபெத், கணவர் பிலிப்போடு ஒட்டாவாவில் ஸ்கொயர் டான்ஸ் ஆடிய படங்கள் உலகம் முழுக்கப் போயின. 1982-ல், தற்காலிகமாக என்றாலும், இதை அமெரிக்காவின் தேசிய நாட்டுப்புற நடனமாக அறிவிக்கும் சட்டத்தில் அதிபர் ரீகன் கையெழுத்திட்டார்.

1974-ல் காலர்கள் ‘காலர்லேப்’ என்று ஒரு சங்கம் அமைத்து, எந்த நிலையில் எந்தெந்தக் கட்டளைகள் என்று ஒரே பட்டியலை வகுத்தார்கள். கட்டளைகள் எங்கேயும் ஆங்கிலத்திலேயே இருக்கும். அதனால், ஜப்பானில் கற்றவர் ஜெர்மனிக்கோ ஸ்வீடனுக்கோ போனால், அந்த ஊர் மொழி தெரியாமலே அங்கிருக்கும் சதுரத்தில் நிற்கலாம். 1983-ல் தன்பாலின ஈர்ப்பாளர்களின் ஸ்கொயர் டான்ஸ் கிளப்புகள் தங்களுக்கென ஒரு சர்வதேச அமைப்பைத் தொடங்கின. ஆண் யார், பெண் யார் என்று பார்க்காமல் யாரும் எந்த இடத்திலும் நின்று ஆடலாம் என்பது அங்கே வழக்கம். ஃபோர்டு பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்!

இன்னும் ஏன் ஆடுகிறார்கள்?

காரணம் எளிமையானது. சதுரத்துக்கு 8 பேர் வேண்டும். 7 பேர் இருந்தால் ஆட முடியாது. அதனால், வாசலில் ஒருவர் தயங்கி நின்றால், அவர் எந்த வேலை பார்க்கிறார், என்ன சம்பளம், நன்றாக ஆடுவாரா என்று யாரும் கேட்பதில்லை. வாங்க, ஓர் ஆள் குறையுது என்றுதான் சொல்வார்கள். புதிதாக வருபவர்களுக்குத் துணையாக, அனுபவசாலிகள் சதுரத்தில் கலந்து நின்று வழிகாட்டுவது பல கிளப்புகளில் வழக்கம். அப்படி நிற்பவர்களுக்கு ‘ஏஞ்சல்’ என்று பெயர். 20 வயதும் 70 வயதும் ஒரே சதுரத்தில் நிற்கலாம். கொஞ்சம் நடை, கொஞ்சம் மூளைக்கு வேலை, நிறைய சிரிப்பு. இரண்டு மணி நேரம் முடிந்து வெளியே வரும்போது, பெயர் தெரியாத பலரின் கையைப் பிடித்திருப்பீர்கள்.

இதே சந்தோஷம்தான் 21 வயது ஹென்றிக்கும் ஒரு புத்தாண்டு இரவில் கிடைத்தது. அதை வாழ்நாள் முழுக்க அவர் மறக்கவில்லை. மற்றவர்களுக்கும் கொடுக்க விரும்பினார். ஆனால், யார் யாருக்குக் கிடைக்கலாம் என்பதைத் தானே முடிவு செய்யப் பார்த்தார்.

ஒருவர் கெட்டதும் செய்தார் என்பதற்காக, அவர் தூக்கிப் பிடித்த நல்லதையும் தூக்கிப் போட வேண்டுமா? ஸ்கொயர் டான்ஸ் விஷயத்தில் அப்படிச் செய்யத் தேவையில்லை. ஏனென்றால், அது எப்போதுமே ஃபோர்டுக்குச் சொந்தமாக இருந்ததில்லை. அவருக்கு முன்னால் பிடில் வாசித்த அடிமைகளுடையது, பண்ணைகளில் ஆடியவர்களுடையது; அவருக்குப் பின்னால் இதை எடுத்து வளர்த்தவர்களுடையது. அவர் செய்த வெறுப்புப் பிரசாரத்தைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

லோவெட் ஹால் டியர்பார்னில் இன்றும் இருக்கிறது. அங்கே இப்போது கல்யாணங்களும் விருந்துகளும் நடக்கின்றன.